தங்கவயலில் ஆசிரியர் எனும் பெயர்: கோலார்த் தமிழர் கல்வி வரலாற்றில் ஒரு தொழில் அடையாளம்

முன்னுரை

நன்னூலின் பொதுப்பாயிரம் நல்லாசிரியர்க்குரிய பண்புகளைத் தொகுக்கும்பொழுது குலத்தை முதலில் வைக்கிறது. அருளும் கல்வித் தெளிவும் சொல்வன்மையும் அதன் பின்னரே வருகின்றன. உரையாசிரியர்கள் அச்சொல்லுக்கு உயர்குடிப் பிறப்பு என்று பொருள் கண்டனர். பவணந்தியாரை இந்நூல் செய்யத் தூண்டியவன் சீயகங்கன். மூன்றாம் குலோத்துங்கன் காலத்துக் கங்கச் சிற்றரசனாகிய அவனைக் கல்வெட்டுகள் குவளாலபுரப் பரமேசுவரன் எனச் சிறப்பிக்கின்றன. குவளாலபுரம் என்பது இன்றைய கோலார். ஆசிரியர் யார் என்பதற்குத் தமிழ் மாணவர் இன்றும் மனப்பாடம் செய்யும் இலக்கணம், கோலாரின் தலைவன் எனப் பட்டம் பூண்ட ஒருவனது வேண்டுகோளால் பிறந்தது என்பது குறிப்பிடத்தக்கது.

ஏறத்தாழ எழுநூறு ஆண்டுகளுக்குப் பின்னர், அதே கோலார்ப் பகுதியில், குலம் என்ற அந்த முதல் தகுதியால் கல்விக்கூடத்துக்கு வெளியே நிறுத்தப்பட்ட மக்கள் தமக்குள்ளிருந்தே ஆசிரியர்களை உருவாக்கிக்கொண்டனர். சுரங்கத் தொழிலாளர் குடியிருப்பில் தோன்றிய அவ்வாசிரியர்கள் தம்மை எவ்வாறு கருதினர், அவர்தம் தகுதியை அளந்த கோல்கள் எவை, அக்கோல்கள் காலந்தோறும் எவ்வாறு மாறின என்பனவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இவ்வினா தங்கவயலுக்கு மட்டும் உரியதன்று. ஆஸ்திரேலியாவின் தொலைவான பகுதிகளில் வாழும் தொல்குடியினரிடையே, அக்குடிகளிலேயே பிறந்து அக்குழந்தைகளுக்கே கற்பிக்கும் ஆசிரியர்களின் தொழில் அடையாளம் குறித்துக் கல்வியாளர்கள் நெடுங்காலமாக ஆராய்ந்து வருகின்றனர். ஊரார் பார்வையில் அவர் உறவினர். அரசின் பார்வையில் அவர் அலுவலர். இவ்விரண்டுக்கும் இடையில் ஆசிரியர் என்பது எதைக் குறிக்கும் என்பதே அங்கும் எழும் சிக்கல். தங்கவயல் தமிழர் அந்நிலத்தின் தொல்குடியினர் அல்லர். தொழில் தேடி வந்தவர்கள். ஆயினும், கற்பிப்பவரும் கற்பவரும் ஒரே ஒதுக்கப்பட்ட சமூகத்தினர், கல்வியின் தகுதியை முடிவு செய்வோர் வேறிடத்தினர் என்னும் அமைப்பு இரண்டிடத்தும் ஒன்றே.

களமும் மக்களும்

கோலார்ப் பகுதியில் பொன் கிடைப்பது பற்றி 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜான் வாரன் என்னும் ஆங்கிலேயப் படை அலுவலர் எழுதினார். 1870-களில் மைக்கேல் லவெல் என்ற அயர்லாந்துக்காரர் மைசூர் அரசிடம் சுரங்க உரிமம் பெற்றார். அவர் நியூசிலாந்தில் மாவோரி மக்களுக்கு எதிராக ஆங்கிலேயர் நடத்திய போரில் பங்கேற்றுத் திரும்பிய படைவீரர். ஒரு தொல்குடியின் நிலத்தில் நடந்த போரிலிருந்து வந்தவரே மற்றொரு நாட்டில் ஒடுக்கப்பட்டோரின் உழைப்பைச் சார்ந்த தொழிலுக்குக் கால்கோள் இட்டார் என்பது உலக வரலாற்றின் ஓர் இணைப்பு. 1880-இல் ஜான் டெய்லர் நிறுவனம் பொறுப்பேற்றபின் சுரங்கங்கள் பெருகின. 1902-இல் சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்தது. சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழம் வரை இறங்கியது.

அவ்வாழத்தில் இறங்கி உழைத்தவர்களுள் பெரும்பான்மையோர் வடஆற்காடு, சித்தூர், சேலம் முதலிய மாவட்டங்களிலிருந்து வந்த தமிழர். அவர்களுள்ளும் பெரும்பகுதியினர் பறையர் சமூகத்தினர். கம்பெனி கட்டிய வரிசை வீடுகளை அவர்கள் லைன் என்றனர். மூங்கில் தட்டியால் சுவர் அமைத்த குடிசைகளே தொடக்கத்தில் மிகுதி. மாரிக்குப்பம், சாம்பியன் ரீஃப்ஸ், உரிகம், ஆண்டர்சன்பேட்டை, இராபர்ட்சன்பேட்டை என ஊர்கள் வளர்ந்தன. மைசூர் அரசின் எல்லைக்குள் இருந்தபோதும், லைன்களில் வழங்கிய மொழி தமிழ்.

கிராமத்துப் பண்ணையாளின் வாழ்விலிருந்து இவ்வாழ்வு ஒரு வகையில் வேறுபட்டது. கூலி காசாகக் கிடைத்தது. வேலை நேரம் சங்கொலியால் அளக்கப்பட்டது. ஷிப்டு முடிந்தபின் எஞ்சிய பொழுது தொழிலாளிக்கே உரியதாயிற்று. திண்ணைப் பள்ளியின் வாசலை அடைய முடியாதவர்க்குப் படிப்பதற்கான காசும் பொழுதும் ஒருங்கே வாய்த்த இடம் தங்கவயல் எனலாம். ஆனால் யார் கற்பிப்பது என்ற வினா எஞ்சி நின்றது.

குலத்துக்கு மாற்றாக மரபு

இவ்வினாவுக்கு விடை தந்தவர்களுள் முதன்மையானவர் அயோத்திதாசப் பண்டிதர் (1845–1914). அவருக்குப் பெற்றோர் இட்ட பெயர் காத்தவராயன். தமக்குக் கல்வி புகட்டிய அயோத்திதாசக் கவிராயரின் பெயரையே அவர் தம் பெயராக ஏற்றார். குருவின் மீது கொண்ட பற்று என்ற அளவில் மட்டும் இதனைக் காண்பது போதாது. பிறப்பு வழியாக அறியப்படும் குலத்தை விலக்கி, கற்றோர் வழியாக வரும் மரபைத் தம் அடையாளமாகக் கொண்ட செயல் இது. நன்னூல் கேட்ட முதல் தகுதிக்கு அவர் அளித்த விடை அவர் பெயரிலேயே அமைந்துள்ளது.

திருக்குறள் ஓலைச்சுவடி எல்லிஸ் துரையின் கைக்குச் சென்றதில் தம் பாட்டனார் கந்தப்பனுக்குப் பங்குண்டு என்பதை அயோத்திதாசர் தம் இதழில் பதிவு செய்துள்ளார். ஆங்கிலேய அலுவலர் ஒருவர் வீட்டில் பணி செய்தவர் கந்தப்பன். சமையற்கட்டில் நின்றவரிடம் சுவடி இருந்தது என்னும் இச்செய்தியைத் தம் மக்கள் கல்வியற்றோர் என்ற கூற்றுக்கு எதிரான சான்றாக அவர் முன்வைத்தார். சாதிப் பேதமற்ற பூர்வத் தமிழர், பூர்வ பௌத்தர் என்று அவர் தம் மக்களை அழைத்ததும் இதன் தொடர்ச்சியே. பூர்வம், ஆதி என்னும் சொற்கள் அக்காலத்தில் தனிக் கனம் பெற்றன. 1922-இல் சென்னை அரசு ஆதிதிராவிடர் என்ற பெயரை ஏற்றது. நிலத்தின் முதன்மக்கள் என்ற உரிமைக் குரல் ஆஸ்திரேலியத் தொல்குடியினருடையதைப் போன்றே இங்கும் கல்வி உரிமையோடு பிணைந்திருந்தது.

அயோத்திதாசரின் முயற்சியோடு தொடர்புடையதாய், கர்னல் ஆல்காட் 1894 முதல் சென்னையில் பஞ்சமர்க்கான இலவசப் பள்ளிகளைத் தொடங்கினார். அவற்றுள் ஒன்று திருவள்ளுவர் பெயர் தாங்கியது. 1898-இல் சாக்கிய பௌத்த சங்கம் உருவாயிற்று. அதன் கிளைகள் வேரூன்றிய இடங்களுள் தங்கவயல் தலையாயது. மாரிக்குப்பம், சாம்பியன் ரீஃப்ஸ் ஆகிய இடங்களில் எம்.ஒய். முருகேசர், ஈ. குருசாமி முதலியோர் சங்கப் பணிகளை முன்னெடுத்தனர்.

ஒரு சொல், நான்கு பணிகள்

தமிழில் ஆசிரியர் என்னும் சொல் பள்ளியில் கற்பிப்பவரை மட்டும் குறிப்பதன்று. நூல் செய்தவர் நூலாசிரியர். உரை கண்டவர் உரையாசிரியர். இதழ் நடத்துபவர் இதழாசிரியர். தங்கவயலில் உருவான ஆசிரியர் அடையாளத்தைப் புரிந்துகொள்ள இச்சொல்லின் விரிவே திறவுகோல் என்பது இக்கட்டுரையின் கருத்தாகும். பள்ளிக்கூடம் மறுக்கப்பட்ட அல்லது அரிதாகக் கிடைத்த இடத்தில் ஏனைய மூன்று பணிகளும் பள்ளியின் வேலையைச் செய்தன.

1907-இல் ஒரு பைசாத் தமிழன் என்ற பெயரில் தொடங்கி, அடுத்த ஆண்டு தமிழன் எனப் பெயர் சுருங்கிய அயோத்திதாசரின் வார இதழ் தங்கவயல் வாசகர்களின் ஆதரவை மிகுதியாகப் பெற்றது. இத்தகைய இதழ் ஒருவர் படிக்கப் பலர் கேட்பது. எழுத்தறிந்தவர் எழுத்தறியாதவர்க்கு வாசித்துக் காட்டும்பொழுது, வாசிப்பவர் அறியாமலே ஆசிரியர் ஆகிறார்.

அயோத்திதாசர் உரைகாண எடுத்துக்கொண்ட நூல்களை நோக்கின் இது மேலும் தெளிவாகும். ஔவையாரின் ஆத்திசூடியை ஆத்திச்சுவடி என்றும் திருக்குறளைத் திரிக்குறள் என்றும் அவர் பௌத்த நோக்கில் பெயர் விளக்கம் செய்தார். கொன்றைவேந்தனுக்கும் உரை எழுதினார். குறளுரை முற்றுப்பெறுமுன் மறைந்தார். இவருடைய சொல்லாராய்ச்சியின் முடிவுகள் அனைத்தும் இன்றைய மொழியியலுக்கு உடன்பாடானவை அல்ல. ஆயினும் அவர் ஏன் இந்நூல்களைத் தேர்ந்தார் என்பதே இங்கு நோக்கத்தக்கது. ஆத்திசூடியும் கொன்றைவேந்தனும் திண்ணைப் பள்ளியின் தொடக்கப் பாடங்கள். தம் மக்கள் நுழைய முடியாத பள்ளியின் பாடநூலுக்கே அவர் புதிய உரை வகுத்தார். பள்ளியின் கதவு அடைபட்டிருப்பினும் பாடத்தின் பொருள் யாருக்கு உரியது என்ற வழக்கை அவர் உரையின் வழியே தொடுத்தார்.

இம்மரபைத் தங்கவயலில் தொடர்ந்தவர் பண்டித ஜி. அப்பாதுரையார். பன்மொழிப் புலவர் கா. அப்பாத்துரையாரின் வேறானவர் இவர். தமிழன் இதழ் 1926-இல் தங்கவயலிலிருந்து மீண்டும் வெளிவந்தபோது இவரே அதன் ஆசிரியரானார். புத்தர் அருளறம் என்னும் நூலை இயற்றினார். சுயமரியாதை இயக்க மேடைகளிலும் இவர் குரல் ஒலித்தது. சித்தார்த்த புத்தகசாலை அயோத்திதாசரின் நூல்களை மீண்டும் மீண்டும் அச்சிட்டது. நூலாசிரியர், இதழாசிரியர், சொற்பொழிவாளர் ஆகிய பணிகள் ஒரே மனிதரிடம் கூடியிருந்ததை அப்பாதுரையாரிடம் காண்கிறோம். பண்டிதர் என்ற பட்டமும் இவ்வாறே விரிந்தது. கற்றவரையும் சித்த மருத்துவரையும் அது ஒருங்கே சுட்டியது. அயோத்திதாசர் இரண்டு பொருளிலும் பண்டிதர். ஊருக்குப் பயன்படும் அறிவு எதுவாயினும் அது ஆசிரியரிடம் இருத்தல் வேண்டும் என்ற எதிர்பார்ப்பை இப்பட்டம் காட்டுகிறது.

கையொப்பமும் கைரேகையும்

இவ்வடையாளத்துக்குத் தொழிலாளர் வாழ்வில் என்ன பயன் இருந்தது என்று வினவலாம். 1930-ஆம் ஆண்டு ஏப்ரலில் தங்கவயலில் பெரும் வேலைநிறுத்தம் ஒன்று நடந்தது. தொழிலாளரைக் கைரேகை வழியே பதிவு செய்யக் கம்பெனி முற்பட்டதே அதற்கு உடனடிக் காரணம். முறையான தொழிற்சங்கம் எதுவும் அப்போது இல்லை. எனினும் ஆயிரக்கணக்கானோர் ஒருசேர வேலைக்குச் செல்ல மறுத்தனர். கைரேகை என்பது குற்றப் பரம்பரைச் சட்டத்தின் கீழ் வைக்கப்பட்டோரிடமும் சிறைப்பட்டோரிடமும் பெறப்பட்ட ஒன்று.

கல்வி இயக்கமே இவ்வேலைநிறுத்தத்தை விளைவித்தது என்று கூறுதற்கில்லை. ஆயினும், தம்மைப் பூர்வத் தமிழர் என்றும் கற்றோர் வழியினர் என்றும் கால் நூற்றாண்டாகக் கேட்டும் படித்தும் வந்த மக்கள் தம் விரலை மையில் தோய்க்க மறுத்ததில் ஒரு தொடர்பைக் காண்பது பொருந்தும். ஒருவனது கையொப்பம் அவன் கற்றதன் அடையாளம். கைரேகையோ அவன் உடலின் அடையாளம் மட்டுமே. ஆசிரியர் தந்த எழுத்தின் மதிப்பு ஒரு கையொப்பத்தில் அடங்கியிருந்தது.

சான்றிதழ் எனும் புதிய கோல்

மற்றொரு வகை ஆசிரியரும் இதே காலத்தில் உருவாயினர். கத்தோலிக்க, மெதடிஸ்ட் சபைகள் தங்கவயலில் பள்ளிகளை நடத்தின. மைசூர் அரசு 1910-களில், கட்டமஞ்சி இராமலிங்க ரெட்டி கல்வித் துறையில் பொறுப்பு வகித்த காலத்தை ஒட்டி, அரசுப் பள்ளிகளை எல்லாச் சாதியார்க்கும் திறந்துவிடும் கொள்கையை மேற்கொண்டது. மேல்சாதியார் எதிர்ப்புக்கு இடையில் இக்கொள்கை மெல்லவே நடைமுறையாயிற்று.

இப்பள்ளிகளில் ஆசிரியர் ஆவதற்குக் குலம் தேவையில்லை, சான்றிதழ் தேவை. குலத்தைச் சான்றிதழ் பதிலீடு செய்தது மாபெரும் விடுதலை என்பதில் ஐயமில்லை. லைன் வீட்டில் பிறந்தவர் பயிற்சி பெற்று, மாதச் சம்பளத்தோடு, கரும்பலகைக்கு முன் நிற்கும் வாய்ப்பு முதன்முறையாக உருவாயிற்று. ஆனால் இவ்விடுதலைக்கு ஒரு விலையும் இருந்தது. நான்கு பணிகளை உள்ளடக்கிய ஆசிரியர் என்னும் சொல் இப்போது பள்ளி ஊழியர் என்ற ஒரே பொருளுக்குச் சுருங்கியது. உரை எழுதுதலும் இதழ் நடத்துதலும் மன்றத்தில் வாசித்துக் காட்டுதலும் தொழிலுக்குப் புறம்பான செயல்களாயின. சான்றிதழ் இல்லாத புலவர் ஆசிரியர் என்னும் பெயரை இழந்தார். சான்றிதழ் பெற்றவரோ, எதைக் கற்பிப்பது என்று முடிவு செய்யும் உரிமையைப் பாடத்திட்டக் குழுவிடம் விட்டுக்கொடுத்தார்.

மொழியும் எண்ணிக்கையும்

1956-இல் மொழிவழி மாநிலச் சீரமைப்பின்போது தங்கவயல் மைசூர் மாநிலத்தோடே நின்றது. அதே ஆண்டில் சுரங்கங்கள் அரசுடைமையாயின. தமிழாசிரியர் இப்போது மொழிச் சிறுபான்மையினரின் ஆசிரியர் ஆனார். அவர் தகுதியைச் சான்றிதழ் மட்டும் காக்கவில்லை. ஓர் எண்ணிக்கையும் காக்க வேண்டியிருந்தது. ஒரு பள்ளியில் 40 மாணவரோ ஒரு வகுப்பில் 10 மாணவரோ இருந்தால் தாய்மொழி ஆசிரியரை அமர்த்தவேண்டும் என்பது 1949-இல் மாகாணக் கல்வி அமைச்சர்கள் மாநாட்டில் ஏற்கப்பட்ட நெறி. அரசமைப்பின் 350அ பிரிவு 1956-இல் தொடக்கக் கல்வியில் தாய்மொழி வசதியை வலியுறுத்தியது. இந்நெறியின் உட்பொருள் தெளிவானது. ஆசிரியர் எத்துணைப் புலமை உடையவராயினும் பத்தாவது மாணவர் இல்லையெனில் அவர்க்கு இடமில்லை.

1982-இல் கோகாக் குழுவின் பரிந்துரையை ஒட்டி, உயர்நிலைப் பள்ளிகளில் கன்னடமே ஒரே முதன்மொழி எனக் கர்நாடக அரசு ஆணையிட்டது. தங்கவயல் தமிழர் இதனை எதிர்த்தனர். 1989-இல் கர்நாடக உயர் நீதிமன்றம் கட்டாயத்தை ஏற்கவில்லை. திருத்தி வெளியிடப்பட்ட ஆணையை 1993-இல் உச்ச நீதிமன்றம் ஏற்றது. 2015-ஆம் ஆண்டுச் சட்டமோ எல்லாப் பள்ளிகளிலும் கன்னடத்தை முதல் அல்லது இரண்டாம் மொழியாகக் கற்பிக்க வகை செய்தது. மாநில மொழியைக் கற்றல் அங்கு வாழும் தமிழர்க்கு இன்றியமையாதது. அதனை மறுப்பது இக்கட்டுரையின் கருத்தன்று. ஆயின், பெற்றோர் ஆங்கிலத்தையும் அரசு கன்னடத்தையும் நாடும்போது, இரண்டுக்கும் இடையில் தமிழாசிரியரின் பத்தாவது மாணவர் யார் என்பதே கேள்வி.

2001-இல் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் மூடப்பட்டது. நூற்றிருபது ஆண்டுத் தொழில் நின்றது. தங்கவயலிலிருந்து நாள்தோறும் விடியலில் இரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குச் சென்று இரவில் திரும்பும் வாழ்வு ஆயிரக்கணக்கானோர்க்கு வாய்த்தது. ஷிப்டுக்குப் பிந்திய பொழுது ஒரு காலத்தில் கல்விக்குரியதாக இருந்தது. இன்று அப்பொழுதை இரயில் பயணம் விழுங்கிவிட்டது.

ஒப்பீடு

மலேயாவில் 1912-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுக் குழந்தைகள் பத்துப் பேரோ அதற்கு மேலோ உள்ள தோட்டத்தில் பள்ளி நடத்துமாறு பணித்தது. அங்கும் பத்து என்ற எண்ணே தமிழாசிரியரின் வாழ்வைத் தீர்மானித்தது. தோட்டத்துப் பள்ளி முதலாளியின் கடமையாகப் பிறந்தது. தங்கவயலின் சிறப்பு, கம்பெனியையோ அரசையோ எதிர்பாராமல் தொழிலாளரின் சங்கங்களே அச்சகமும் இதழும் நூல்களும் கண்டதில் உள்ளது.

ஆஸ்திரேலியாவின் வடபகுதியில் 1973 முதல் இருமொழிக் கல்வித் திட்டம் நடைமுறைக்கு வந்தது. அதன் விளைவுகளுள் ஒருவர் யோல்ங்கு இனத்தைச் சேர்ந்த மண்டவுய் யுனுப்பிங்கு. ஆசிரியராகப் பயின்று பட்டம் பெற்று, 1990-இல் தம் ஊராகிய யிர்காலாவின் பள்ளிக்கு முதல்வரானார். புகழ் வாய்ந்த இசைக்கலைஞரும் அவரே. ஆற்று நீரும் கடல் நீரும் சந்திக்கும் கழிமுகத்தைக் குறிக்கும் கண்மா என்னும் தம் மொழிக் கருத்தை அவ்வூரார் கல்விக்கு அடிப்படையாக்கினர். இரு நீரும் கலப்பினும் ஒன்று மற்றொன்றை அழிப்பதில்லை என்பது அதன் உட்கருத்து. பாடகர், முதியோரின் மாணவர், பள்ளி முதல்வர் என்னும் பணிகள் ஒருவரிடமே கூடியிருந்தமை நமக்கு அப்பாதுரையாரை நினைவூட்டுகிறது. 2008-இல் வடபகுதி அரசு பள்ளியின் முதல் நான்கு மணி நேரம் ஆங்கிலத்திலேயே நடைபெறவேண்டும் என்று அறிவித்தபொழுது, அத்தகைய ஆசிரியர்களின் தனித் தகுதியே முதலில் பயனற்றதாயிற்று. எந்த அறிவுக்காக அவர் அமர்த்தப்பட்டாரோ அந்த அறிவுக்குரிய பாடவேளை இல்லாது போயிற்று. ஆசிரியரை நீக்காமலே ஆசிரியத் தன்மையை நீக்க இயலும் என்பதற்கு இது சான்று.

முடிவுரை

இதுகாறும் கண்டவற்றால், கோலார் தங்கவயலில் தமிழாசிரியரை அளந்த கோல்கள் மூன்று என்பது பெறப்படும். குலம் என்னும் கோலை அயோத்திதாசர் மரபினர் கற்றோர் வழி என்னும் மாற்றுக்கோலால் எதிர்கொண்டனர். சான்றிதழ் என்னும் கோல் குலத்தை வென்றது. ஆயின் ஆசிரியர் என்னும் சொல்லின் விரிவைச் சுருக்கியது. எண்ணிக்கை என்னும் மூன்றாவது கோல் ஆசிரியரின் தகுதியை அவரிடமிருந்தே பிரித்து, மாணவர் வருகைப் பதிவேட்டுக்கு மாற்றிவிட்டது.

1999-இல் ஞான அலாய்சியஸ் தொகுத்த அயோத்திதாசர் சிந்தனைகள் பாளையங்கோட்டையிலிருந்து வெளிவந்த பின்னரே பல்கலைக்கழகத் தமிழ்த்துறைகள் இம்மரபைக் கவனிக்கத் தொடங்கின. அதற்கு முன்னர் அவ்விதழ்களையும் நூல்களையும் காத்தவர்கள் அன்பு பொன்னோவியம் போன்ற, துறைகளுக்கு வெளியே இருந்த அன்பர்கள். பேராசிரியர்களாகிய நாம் ஆசிரியர் என்று ஏற்காத மனிதர்களின் பெட்டிகளிலிருந்தே நம் பாடத்திட்டத்தின் ஒரு பகுதி வந்துள்ளது.

ஆதலின் தங்கவயலின் எஞ்சிய தமிழ்ப் பள்ளிகளைப் பற்றிப் பேசும்போது எத்தனை மாணவர் என்று மட்டும் கேட்பது நிறைவாகாது. அவ்வூர் ஆசிரியரிடம் உள்ள ஊர் வரலாறும் பழைய இதழ்களும் பேச்சு வழக்கும் எங்குப் பதிவாகின்றன என்றும் கேட்டல் வேண்டும். தமிழ்த்துறைகள் அவ்வாசிரியர்களைத் தகவல் தருவோராக மட்டும் அணுகாமல் ஆய்வில் உடன் ஆசிரியராக ஏற்குமாயின், சுருங்கிய அச்சொல் தன் பழைய விரிவை ஓரளவேனும் மீளப் பெறும். நன்னூல் ஆசிரியர்க்கு உவமையாகச் சொன்னவற்றுள் நிலமும் ஒன்று. தோண்டுவோரையும் தாங்குவது நிலம். அவ்வுவமையின் பொருளைத் தம் வாழ்வால் அறிந்தவர்கள் தங்கவயலின் ஆசிரியர்கள்.